காலையில் முதுகு வலிக்குமா?

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை விலாசம் மாற்றிப் போட்டுவிட்டது என்று ஒதுக்கி வைத்துவிடாதே. நான்தான், குண்டூசி. என் வலது கண்ணில் பாவையை விரித்து வைக்கிற மருந்து போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. இடது கண்ணை மட்டும் நம்பி எழுதினால் வரி மலை ஏறி இறங்குகிறது. அதனால் தடிப்பேனா, பக்கத்துக்குப் பத்து வரி.

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ என்னவோ. கேட்டுவிட்டேன்.

உன் விலாசத்தை உன் சிநேகிதர் தையல்கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். போன் நம்பரும் தந்தார். ஆனால் போனை நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் மறுநாள் எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நூலுக்குச் சாயமேற்றும் ஆலையில் எனக்கு வேலை. புதுச்சாயத்தில் வந்த நூலை மாதிரி நூலோடு சேர்த்து விளக்குப் பெட்டிக்குள் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் 'சரி' என்றால்தான் நூல் வெளியே போகும். போன அக்டோபரில் ஒரு நாள் அந்த விளக்கு கண்ணைக் குத்தியது. கண் சிவந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் வருகிற கண்வலிதான் என்று மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறருக்கு ஒட்டிவிடுமே என்று நான்கு நாள் வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் வலது கண்ணில் புகை அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

கண் டாக்டர் ஒரு கருவியில் முகவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார். "இது ஒட்டுற கண்வலி இல்லம்மா. வெளியில இல்ல, கண்ணுக்குள்ளயே அழற்சி" என்றார். அதையும் சேர்த்து இது எனக்கு மூன்றாவது தடவை. இந்தத் தடவை அவர் கண்ணைப் பற்றியே கேட்கவில்லை. "உங்க வீட்ல யாருக்காவது காலையில எழுந்ததும் முதுகு இறுகிப்போய், நடமாட நடமாடச் சரியாகுமா?" என்று கேட்டார்.

அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உன் நினைவு வந்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

அண்ணா, காலையில் உனக்கு இன்னும் முதுகு வலிக்குமா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

என்றும் உன் தங்கை,
குண்டூசி

---

பிப்ரவரி 17

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. சொன்ன மாதிரியே முதலில் தூக்கிப் போட்டேன், மறுநாள் எடுத்துப் படித்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

என் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு கண் டாக்டர் வேண்டியிருந்தது உனக்கு. அம்மா போன அன்று வந்து கூடத்து மூலையில் நின்றேனே, அப்போது கேட்டிருக்கலாம். போகட்டும்.

வலிக்கிறது. இப்போது கூடவே கழுத்தும். விடிந்ததும் எழ முக்கால் மணி நேரம் ஆகும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறேன், அதைப் பிடித்துத்தான் உட்காருவேன். எனக்கு மின்சார மீட்டர் குறிக்கிற வேலை. வீடு வீடாக நடக்க வேண்டும். முதல் வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பார்த்தால் கிழவன் மாதிரித் தெரியும். இருபதாவது வீட்டுக்குப் போகும்போது முப்பத்தேழு வயதுக்காரனாகிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஆகாது. ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது. இப்படி ஒரு சோம்பேறியை உங்கள் அப்பா எங்கே கண்டார் என்று கேட்டுப் பார்.

வேண்டாம், கேட்காதே. நான் எழுதுகிறேன் என்றே அவரிடம் சொல்லாதே. உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

உன் கண்ணை ஒழுங்காகப் பார்த்துக்கொள். நிறம் பார்க்கிற வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அண்ணன் சட்டையில் எந்தப் பொத்தான் மாறித் தைத்திருக்கிறது என்று ஐந்து வயதிலேயே தெருவுக்கெல்லாம் சொன்னவள் நீ.

அண்ணன்

பின்குறிப்பு: எனக்கும் இடது கண் அவ்வப்போது சிவக்கும். வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள். நானும் மருந்துக்கடைச் சொட்டுதான். இப்போது அந்தக் கண்ணில் மீட்டர் எண் தெரிவதில்லை, வலது கண்ணால் சமாளிக்கிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

---

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று இருந்தாராம். பின்குறிப்பாம். உன்னை என்ன செய்தால் தகும்?

உன் கடிதத்தை வாங்கிய கையோடு டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவர் பின்குறிப்பை இரண்டு முறை படித்தார். "இவர் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, இந்த வாரமே பெரிய கண் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்க" என்றார்.

அவர் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். நம் உடம்பில் காவலுக்கு ஆட்கள் இருக்கிறார்களாம். கிருமி வந்தால் அடித்து விரட்டுவதுதான் அவர்கள் வேலை. சிலருக்கு அவர்கள் ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே அடிப்பார்கள். கண்ணின் முன்னறையில் அடித்தால் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே வலிக்கும். முதுகின் அடிமூட்டில் அடித்தால் காலையில் எழ முடியாது. அடி விழும் இடம்தான் வேறு. அந்தக் கருவியில் பார்த்தால் கண்ணுக்குள் தூசு பறக்கிற மாதிரித் தெரியுமாம், ஜன்னல் வழியாக வெயில் விழும்போது தெரிகிறதே, அந்த மாதிரி. அந்தத் தூசு எல்லாம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்.

அதை அப்படியே விட்டால் பாவையின் விளிம்பு பின்னால் இருக்கிற லென்சோடு ஒட்டிக்கொள்ளும். வட்டமாக இருக்க வேண்டியது கோணல்மாணலாகிவிடும். அதனால்தான் எனக்கு விரித்து வைக்கிற மருந்து. இன்னொன்று ஸ்டீராய்டு சொட்டு. முதல் வாரம் மணிக்கு ஒரு தரம். உன் மாப்பிள்ளை ஆலை சங்கு மாதிரி மணிக்கு மணி கத்துகிறார். தான் ஓட்டுகிற வேனிலேயே சொட்டு மருந்து வைத்திருக்கிறார்.

என் முட்டாள்தனத்தையும் கேள். இரண்டாவது தடவை வந்தபோது பத்தே நாளில் கண் வெளுத்துவிட்டது. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று மருந்தை நிறுத்திவிட்டேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார், நான் சட்டென்று நிறுத்தினேன். மூன்றாம் வாரம் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. டாக்டர் திட்டவில்லை. "தீ அணைஞ்சாச்சுன்னு நீங்க முடிவு பண்ணினீங்களா, நான் முடிவு பண்ணினேனா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆலையில் என்னை இப்போது மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். தற்காலிகமாம். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

உடனே போ. போய்விட்டு எழுது.

உன்,
குண்டூசி

---

மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

போனேன். உன் தொல்லை தாங்காமல் போனேன் என்று எழுதலாம், அது பொய். பயந்து போனேன்.

கண் டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "முதல் தடவை எப்போ சிவந்தது?" என்று கேட்டார். எட்டு வருஷம் இருக்கும் என்றேன். பாவை பாதிக்கு மேல் ஒட்டிப்போயிருக்கிறது, புரையும் விழுந்துவிட்டது, கண்ணின் அழுத்தமும் கூடுதல் என்றார். "பழையபடி ஆகுமா?" என்றேன். "முழுசா ஆகும்னு சொல்ல மாட்டேன். இப்ப இருக்கிறதைவிட நல்லாத் தெரியும். அதுக்கு முதல்ல கண்ணு அமைதியாகணும். மூணு மாசமாவது உள்ளே ஒரு அணுகூடப் பறக்காம இருந்தாத்தான் புரையில கை வைப்பேன்" என்றார்.

அங்கிருந்து மூட்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், இடுப்பைப் படம் பிடித்தார்கள். பரம்பரையாக வருகிற ஒரு குறி என் ரத்தத்தில் இருக்கிறதாம். அவர் வயதானவர். என்னைக் குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், சுவரில் தலையின் பின்பக்கம் படும்படி நிற்கச் சொன்னார். என் தலை சுவரைத் தொடவில்லை, இரண்டு விரல் இடைவெளி. படத்தை விளக்கில் மாட்டி வைத்துக்கொண்டு என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதோட தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?"

"எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்."

"அதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சாங்க. சோம்பேறின்னு பேர் வச்சாங்க."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "இதுக்கு வேற பேர் இருக்கு" என்று ஒரு நீளமான பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று அந்தச் சீட்டைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். வியாதி இருக்கிறது என்று சொன்னால் மனிதன் இடிந்து போவான். எனக்கு யாரோ நற்சான்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "என்னப்பா, வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போடப் போகிறார்கள். அதற்குமுன் நெஞ்சில் சளி, காசம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை. முதுகுக்கும் கண்ணுக்கும் அந்த ஒரே ஊசிதான். கூடவே தினமும் உடற்பயிற்சி. சொட்டு மருந்து போடுவதுதான் பெரும்பாடு. கழுத்து பின்னால் சாயாது. முதல் நாள் பாதி மருந்து காதுக்குள் போனது.

உன் கண் எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் என்னை மட்டும் விரட்டுகிறாய்.

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

சரக்குக் கிடங்கில் அப்பா யார் யார் காலையோ பிடித்து உனக்கு வேலை வாங்கினார். விடிகாலை ஷிப்ட். மூன்று நாளும் உன்னால் நேரத்துக்கு எழ முடியவில்லை, நான்காம் நாள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று அப்பா உன் பாயையும் பெட்டியையும் வாசலில் கொண்டுபோய் வைத்தார். தலையணையை எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் போட்டது நான். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போட்டேன். நீ உள்ளே இருந்தாய், பார்த்தாயோ என்னவோ. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அது சாக்கு ஆகாது என்று தெரியும்.

இரண்டாவது விஷயம், நீ கேட்ட ஒன்றை நான் காப்பாற்றவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

திட்டமிட்டுச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் யாரையோ, "நம்ம பெரியவன் மாதிரி ஒரு சோம்பேறி" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணனுக்குச் சோம்பல் இல்லப்பா. வியாதி. காலையில முதுகு கல்லு மாதிரி ஆயிடும், அரைமணி ஒருமணி ஆனாத்தான் அசைய முடியும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார்.

"எல்லாருக்கும் இல்லப்பா."

"உனக்கு இல்லையா?"

"இல்ல."

உன் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார், உனக்குத் தெரியும். "உங்களுக்கு?"

"இல்ல மாமா. எழுந்தா எழுந்ததுதான்."

"அப்போ அவளுக்கு?" என்றார். அம்மாவைத்தான் கேட்டார்.

"அம்மா கண்ணைத் திறந்த கையோட அடுப்படியில இருப்பாங்களேப்பா. நீங்க பார்த்ததில்லையா?"

அப்பா கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுவாரம் என் டாக்டர் சொன்ன இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். அப்பாவின் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கழியாகிவிட்டன, மூங்கில் மாதிரி. மூட்டை தூக்கி வளைந்த முதுகு என்றுதானே நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்? உலகத்தில் எல்லா மனிதரும் தினமும் அப்படித்தான் எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தே எழுபது வருஷம் வாழ்ந்திருக்கிறார் அண்ணா. திரும்பி வரும்போது வேனில் ஒரே ஒரு தரம் பேசினார். "நான் எழுந்தேனே, இவன் ஏன் எழுந்திருக்கலன்னு நினைச்சேன்."

என் கண் பரவாயில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சொட்டாகக் குறைத்திருக்கிறார்கள்.

கோபப்படு. ஆனால் எழுது.

குண்டூசி

---

ஏப்ரல் 9

தங்கைக்கு,

தலையணை விஷயம் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இதை விட முடியாது. உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட உன்னால் வாயை மூடி வைத்திருக்க முடியவில்லை.

பதினோரு வருஷமாக நான் காலையில் அந்தக் கோபத்தைப் பிடித்துத்தான் எழுந்தேன், கயிறெல்லாம் அப்புறம்தான். இப்போது அவருக்கும் அதே வலி என்கிறாய். நான் இனி யார்மேல் கோபப்படுவது? எனக்கு இதை யோசிக்க வேண்டும். கொஞ்ச நாள் எழுதாதே.

அண்ணன்

---

மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நீ எழுதவில்லை. ஆறு வாரம் பொறுத்தேன். குண்டூசிக்கு அதுவே அதிகம்.

உன்னைப் பதில் எழுதச் சொல்லவில்லை. செய்தி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் நடுவில் ஸ்டீராய்டு சொட்டால் என் கண்ணின் அழுத்தம் ஏறிவிட்டது. நோய்க்குப் போட்ட மருந்தே இன்னொரு வம்பைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு சொட்டு சேர்த்தார்கள். இப்போது இறங்கிவிட்டது. மருந்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இந்தத் தடவை டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன்.

என் ரத்தத்திலும் உன் ரத்தத்தில் இருக்கிற அந்தக் குறி இருக்கிறதாம். எனக்கு உடனே என் மகள் ஞாபகம்தான் வந்தது. அவளையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றார். அந்தக் குறி இருக்கிற பலபேருக்கு ஆயுசுக்கும் ஒன்றும் வருவதில்லையாம். "கண்ணு சிவந்து வெளிச்சம் கூசினா அன்னைக்கே வாங்க. முதுகு வலின்னு சொன்னா நம்புங்க. அது போதும்" என்றார். 'நம்புங்க' என்று சொன்னபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

போன திங்கள்கிழமை என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தப் பெண் விளக்குப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். முதல் நூல் ஒரு சாம்பல் நிறம். இலேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. 'சரியில்லை' என்று சொன்னேன். மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டார், அந்தச் சலிப்பு காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அப்பா மொட்டை மாடியில் தினமும் கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறார்.

உன்,
குண்டூசி

---

ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரை வாசலில் நிற்க வைக்காதே. ஒன்பது மணி நேரம் பேருந்தில் வந்திருப்பார். நானோ உன் மாப்பிள்ளையோ கூட வருகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம், "நான் என்ன குழந்தையா" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பதினான்காம் தேதி உனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை என்று தையல்கடைக்காரர் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே, சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் நான்தான் வாயைக் கிளறினேன். கூட இருக்க யாருமில்லை, தனியாகவே பார்த்துக்கொள்வேன் என்றாயாமே. வீட்டில் வந்து சொன்னேன். அப்பா உள்ளே போய்ப் பையில் இரண்டு வேட்டியும் தன் முதுகைப் பிடித்த படம் இருக்கிற உறையும் எடுத்து வைத்துக்கொண்டார். உறை எதற்கு என்று கேட்டேன். "கேட்டா காட்டத்தான்" என்றார்.

உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே பேருந்து ஏற்றிவிடு. நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முதலில் உட்காரச் சொல். முதுகு சாய்கிற நாற்காலி அவருக்கு ஆகாது, முக்காலி போதும்.

குண்டூசி

---

ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மாப்பிள்ளையிடம் போனில் இரண்டு வார்த்தை சொன்னேன். மற்றதை எழுதத்தான் வேண்டும், போனில் வராது.

அன்று கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது உச்சந்தலைதான். அவ்வளவு வளைந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதற்கு அவர் இரண்டடி பின்னால் நகர வேண்டியிருந்தது. கிட்டத்தில் நின்றால் என் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் அவருக்குக் கண் எட்டும். தெருவில் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, என்னைப் பார்த்தார்.

"எந்தக் கண்ணு?" என்றார்.

"இடது."

"சாப்பிட்டியா?"

"ம்."

"நான் சாப்பிடல."

இதற்குமேல் ஒரு மனிதனை வாசலில் எப்படி நிற்க வைப்பது? உள்ளே வந்தார். அன்று முழுக்க நாங்கள் பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருக்கும். உறையை அவர் எடுக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை நான் கட்டிலில், அவர் கீழே பாயில். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. இருவரும் அசையவில்லை. பால்காரர் மணியடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"எழுந்துட்டியா?"

"இல்ல. நீங்க?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம். "பாலைப் பூனை குடிச்சிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எனக்கு விலா வலிக்கும். அவருக்கும் வலிக்கும் போலிருக்கிறது, "சிரிக்க வைக்காதே, சிரிக்க வைக்காதே" என்று அவர்தான் சிரித்தார். பாலைப் பூனை குடித்துவிட்டது.

ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு முக்கால் மணி நேரம் பத்து நிமிஷமாகக் குறைந்திருக்கிறது. அன்று நான் முதலில் எழுந்து அவருக்குக் கை கொடுத்தேன். பிடித்து உட்கார்ந்தவர் கையை விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அன்னைக்கு உன் பாயை வெளியில வச்சேன்ல."

"ம்."

"வச்சிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். நான் தேநீர் போடப் போனேன், பாலில்லாமல்.

கோபம் போய்விட்டதா என்று நீ கேட்பாய். சில நாள் வருகிறது. சாப்பிட்ட தட்டை அவர் நகர்த்துகிற சத்தத்தில் வருகிறது. பிறகு அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் போய்விடுகிறது. டாக்டர் என் கண்ணைப் பற்றிச் சொன்னதைத்தான் இதற்கும் சொல்ல வேண்டும், இப்போது அமைதியாக இருக்கிறது.

கட்டு அவிழ்த்த அன்று வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். முதலில் எல்லாம் பளீரென்று ஒரே வெளுப்பு. பிறகு சுவரில் ஆணி தெரிந்தது. பிறகு அப்பா. அவர் காது மடலில் ஒரு மச்சம் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பாவை கோணலாகத்தான் இருக்கும், அது அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரி இன்னும் தெரியவில்லை. மீட்டர் எண் தெரிகிறது. திங்கள்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். அக்டோபரில் பத்து நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன், உன் வீட்டுக்கு வருகிறேன். மகளிடம் மாமா எப்படி இருப்பார் என்று முன்கூட்டியே சொல்லி வை, என் நடையைப் பார்த்துப் பயந்துவிடப் போகிறாள்.

சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எனக்குக் கழுத்து சாயாதே, அதனால் கட்டிலில் மல்லாந்து படுப்பேன். அப்பா பக்கத்தில் வந்து நிற்பார். மற்றவர்களாக இருந்தால் குனிய வேண்டும், அவர் சும்மா நின்றாலே முகம் நேராக என் முகத்துக்கு மேலே இருக்கும். இடது கையால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சொட்டு விடுவார். ஒன்றுகூட இதுவரை காதுக்குள் போனதில்லை. சொட்டு விட்ட பிறகு, "மூடு, மூடு, உருட்டாதே" என்பார், ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது போல.

அவரை எப்போது அனுப்புகிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு ஒரு சொட்டாகக் குறைத்துவிட்டார்கள். நேற்றுப் போனபோது டாக்டர், "கழுத்து இப்ப நல்லாச் சாயுதே, இனிமே நீங்களே போட்டுக்கலாம்" என்றார்.

அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்